எத்தனை பேருக்குச் சோறு ஆக்குவது?

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் நம்மைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். சிறியதொரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூத்த மகனுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருக்கிறது. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு நோட்டுப் புத்தகம். அதிலே 160 வீடுகளின் பெயர்கள் தெரு வாரியாக எழுதப்பட்டிருந்தன.

"ஹஜ்ரத், வீட்டுக்கு நாலு பேருன்னு வச்சா 640 பேரு வருது. பண்டாரி 750 பேருக்குப் போடணும்ங்கிறாரு. மச்சான், 900க்குக் கொறஞ்சா மானம் போயிடும்ங்கிறாரு. மிஞ்சினா குனாஹ்னு நீங்க ஜும்ஆவுல சொல்றீங்க. கொறஞ்சா பழின்னு ஊரு சொல்லுது. நான் எத்தனை பேருக்குத்தான் சோறு ஆக்குறது?"

கேள்வி சமையற்கட்டைப் பற்றியது போலத் தோன்றுகிறது. கிதாபுகளைப் புரட்டி மஸ்அலா சொல்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆனால் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபோது, அவர் அரிசிக் கணக்குக் கேட்க வரவில்லை என்பது நமக்குப் புரிந்தது. மிஞ்சினால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும், குறைந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்தப் பயம் சரியான பயம் என்று அவர் கேட்டார்.

பண்டாரிகளின் கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். என்றாலும், ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டிலிருந்து பத்துப் பேர்வரை காணும் என்பதும், பிரியாணியாக இருந்தால் அரிசிக்குச் சமமாகக் கறி போட வேண்டும் என்பதும் பொதுவாகச் சொல்லப்படுவது. பத்துப் பேர் கணக்கிலேயே பார்ப்போம். 640 பேருக்கு 64 கிலோ அரிசி. 900 பேருக்கு 90 கிலோ. இடையிலே நிற்பது 26 கிலோ அரிசியும் 26 கிலோ ஆட்டுக்கறியும், அவற்றுக்கான நெய்யும் விறகும் கூலியும். இந்த 26 கிலோவுக்காக மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைக்கலாமா என்பது வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இளமையில் இதே கேள்விக்கு நாம் மிக வேகமாகச் சொன்ன ஒரு பதில் நினைவுக்கு வந்தது. அதை வாசகர்களிடம் மறைப்பது நேர்மையாகாது.

2014ஆம் ஆண்டில் நம் தம்பியின் வலீமா நடந்தது. நாம் மத்ரஸாவில் ஸனது வாங்கி வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வீண்விரயத்தைப் பற்றி மிம்பரில் பேசுகிறவன் வீட்டிலேயே வீண்விரயம் நடப்பதா என்ற எண்ணம் நமக்கு. 400 பேருக்கு அழைப்பு. பண்டாரி 45 கிலோ என்றார். நாம் 35 போதும் என்றோம். அவர் தலையைச் சொறிந்தார். வாப்பா தயங்கினார்கள். நாமோ, இருவரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதுமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை எடுத்துச் சொல்லி எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டோம். ஹதீஸைக் கேட்ட பிறகு வாப்பா என்ன பேசுவார்கள்? பத்துக் கிலோ குறைந்தது.

ஆண்கள் பந்தி அமர்க்களமாக நடந்தது. சஹனுக்கு மூவராக உட்கார்ந்தார்கள். நாமே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கேட்டுக் கேட்டு வையுங்கள், மறு சோறு வையுங்கள் என்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தோம். பந்தி முடிந்து வெளியூர் ஆலிம்கள் துஆச் செய்து புறப்பட்டபோது, விரயமும் இல்லை, குறைவும் இல்லை என்று மனத்துக்குள் ஒரு பூரிப்பு. ஆண்கள் எழுந்த பிறகுதான் நம் ஊர்ப் பக்கம் பெண்களுக்குச் சஹன் போவது வழக்கம். முதல் இரண்டு பந்திக்கு வந்தது. மூன்றாம் பந்திக்குச் சோறு இருந்தது, கறி இல்லை. கடைசியில் சோறும் இல்லை. வீட்டுப் பெண்களும், காலையிலிருந்து வெங்காயம் உரித்துப் பாத்திரம் கழுவிய ஆறு பெண்களும் மிஞ்சினார்கள். உம்மா அடுப்பைப் பற்றவைத்து வெள்ளைச் சோறு ஆக்கி, முட்டை பொரித்துக் கொடுத்தார்கள்.

நம்மிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு இஷாவுக்குப் பிறகு உம்மாதான் சொன்னார்கள். பாத்திரம் கழுவ வந்த பெண்களில் ஒருத்தி, "இன்னிக்கு ராத்திரி கறிச் சோறு கொண்டாரேன்னு புள்ளைகிட்ட சொல்லிட்டு வந்தேன்மா" என்று சொன்னாளாம். அதற்குமேல் உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அன்றிரவு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நாம் ஹதீஸ் சொல்லிக் குறைத்த பத்துக் கிலோ, வயிறு நிறைய மறு சோறு வாங்கியவர்களிடமிருந்து குறையவில்லை. அந்தப் பிள்ளையின் கையிலிருந்து குறைந்தது.

பின்னாட்களில் அந்த ஹதீஸைப் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். உணவைப் பகிர்ந்துகொள்ள ஆர்வமூட்டுவதே அதன் நோக்கம் என்று விரிவுரை எழுதிய இமாம்கள் விளக்குகிறார்கள். அது உண்ண உட்கார்ந்தவனின் உள்ளத்தைப் பார்த்துப் பேசுகிறது. பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் நீ கொஞ்சம் ஒதுங்கிக்கொள், உன் பங்கில் அவருக்கும் பங்கு உண்டு என்கிறது. அழைத்தவன் தன் கஞ்சத்தனத்துக்கோ, நம்மைப் போல் தன் வைராக்கியத்துக்கோ அதை முட்டுக் கொடுத்து நிறுத்துவதற்காக அருளப்பட்டதன்று. மூவரில் மூன்றாமவர் யார் என்று தெரியாமலேயே இருவரின் சோற்றை மட்டும் ஆக்கிவிட்டு, பரக்கத் வரும் என்று உட்கார்ந்திருந்தோம் நாம்.

பரக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அகழ்ப் போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டில் நடந்த விருந்தைச் சொல்லாதவர் இல்லை. புகாரீ ஷரீபில் உள்ள செய்தி. ஒரு சிறிய ஆடு, ஒரு ஸாவு வாற்கோதுமை. இதை ஆயிரம் பேர் உண்டார்கள், சட்டியும் குறையவில்லை, மாவும் குறையவில்லை. இதைச் சொல்லி, நாம் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும், அல்லாஹ் போதுமாக்குவான் என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் செய்தியின் முற்பகுதியை ஏனோ யாரும் சொல்வதில்லை. ஜாபிர் (ரலி) அவர்கள் நாயகத்தை அழைக்கப் புறப்படும்போது அவர்களுடைய மனைவியார், அல்லாஹ்வின் தூதர் முன்னிலையிலும் உடன் வருபவர்கள் முன்னிலையிலும் என்னைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாபிர் (ரலி) அவர்களும் இரகசியமாகவே போய், உணவு இவ்வளவுதான் இருக்கிறது, தாங்களும் தங்களுடன் சிலரும் மட்டும் வாருங்கள் என்றுதான் அழைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது நாயகம் (ஸல்) அவர்களின் முஃஜிஸா. முஃஜிஸாவை நம்பி ஈமான் கொள்ள வேண்டும். அதை நம்பி அடுப்பு மூட்டக்கூடாது.

அந்த ஸஹாபிப் பெண்மணிக்கும் சோறு குறைந்துவிடுமோ என்ற வெட்கம் இருந்தது. அதை யாரும் கண்டிக்கவில்லை. வந்தவர் வயிறு நிறையாமல் போனால் வீட்டுக்காரிக்கு வருகிற கூச்சம் மனிதத் தன்மை, அது குற்றமாகாது. ஆனால் அந்தக் கூச்சம் அவர்களை என்ன செய்ய வைத்தது? அழைப்பைக் குறைக்க வைத்தது. இருக்கிற ஒரு ஸாவுக்கு ஏற்பச் சிலரை மட்டும் அழையுங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி இன்னோர் ஆட்டை அறுங்கள் என்று சொல்லவில்லை. நம் கூச்சமோ நேர் எதிர்ப் பக்கம் ஓடுகிறது. அழைப்பை ஊர் முழுக்க இறைத்துவிடுகிறோம். பிறகு பயந்துபோய்ச் சட்டியைப் பெரிதாக்குகிறோம். சட்டிக்காக வளையலை அடகு வைக்கிறோம். எவ்வளவு சோறு என்ற கேள்வியைச் சமைக்கிற நாளில் கேட்டுப் பயனில்லை. அது அழைக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பெரியவரிடம் நாம் முதலில் சொன்னது இதைத்தான்.

எண்ணி அழைப்பது நம்மவர்களுக்குப் பிடிக்காது. எண்ணிச் சோறு போடுவது கேவலம் என்று ஒரு நினைப்பு. ஆனால் அன்ஸாரிகளில் அபூ ஷுஐப் (ரலி) என்ற தோழர் எண்ணித்தான் அழைத்தார். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் முகத்தில் பசியின் அடையாளத்தைக் கண்ட அவர், இறைச்சி வெட்டும் தொழில் செய்துவந்த தம் பணியாளரிடம், ஐந்து பேருக்குப் போதுமான உணவு தயார் செய், நாயகத்தை ஐவரில் ஒருவராக அழைக்கப் போகிறேன் என்றார். அழைத்தார். வழியில் ஆறாவதாக ஒருவர் உடன் சேர்ந்துகொண்டார். வாசலுக்கு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள், இவர் எங்களைப் பின்தொடர்ந்து வந்துவிட்டார், நீர் விரும்பினால் அனுமதிக்கலாம், இல்லையென்றால் அவர் திரும்பிவிடுவார் என்று சொன்னார்கள். அபூ ஷுஐப் (ரலி) அனுமதித்தார்.

அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்கள் ஒருவர் வீட்டு வாசலில் நின்று, ஒரே ஓர் ஆளுக்காக அனுமதி கேட்கிறார்கள். நம்மிலே எத்தனை பேர் அப்படி நின்றிருக்கிறோம்? ஐவருக்கு ஆக்கிய சோறு அன்று அறுவருக்குப் போதுமானதாக இருந்தது. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்பது இப்படித்தான் நடக்கிறது. அழைத்தவர் எண்ணினார், வந்தவர் சொன்னார், உண்டவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாரம் முழுவதும் சட்டியின் மேல் விழுகிறது.

(கூபா நகரத்தில் துஃபைல் என்று ஒருவர் இருந்தாராம். அழைப்பில்லாமல் கல்யாண விருந்துகளுக்குப் போவதில் அவ்வளவு பேர் பெற்றவர். அழையா விருந்தாளியை அரபு மொழியில் இன்றைக்கும் 'துஃபைலி' என்றே சொல்கிறார்கள். பேர் நிலைப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.)

முன்பெல்லாம் நம் ஊர்களில் அழைப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆண்களுக்கு மட்டுமா, வீட்டோடு அழைப்பா என்பதை வாசலில் நின்று வாயால் சொல்வார்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று உரிமையோடு சொல்லி அழைக்கும் வீடுகளும் உண்டு. அந்த ஒரு சொல்லில் எத்தனை தலை என்பது இருதரப்புக்கும் விளங்கிவிடும். இப்பொழுதோ கைபேசியில் ஒரு படத்தைப் போட்டு, குடும்பத்துடன் வருக என்று ஒரே நொடியில் ஐநூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பியவருக்கே யார் யாருக்குப் போனது என்று தெரியாது. வந்தவர்களோ, வருகிறோம் என்பதற்கு அடையாளமாக ஒரு பூவின் படத்தை அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பூவுக்கு ஒரு சஹனா, இரண்டு சஹனா என்று பண்டாரிக்கு யார் சொல்வது?

மிஞ்சுகிற சோற்றின் கதையையும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் ஓர் இரவு பத்து மணிக்குமேல் நமக்குத் தொலைபேசி வந்தது. பகல் வலீமாவில் இரண்டு தேக்சா சோறு மிஞ்சிக் கிடக்கிறது, மத்ரஸாப் பிள்ளைகளுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். பகல் பதினோரு மணிக்குத் தம் உடைத்த சோறு. சித்திரை வெயில். மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டோம். கொஞ்சம் வாடை வருகிறது, ஆனால் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னோம். ரிஸ்க்கை வேண்டாம் என்கிறீர்களே ஹஜ்ரத் என்று அந்தச் சகோதரருக்கு நம்மேல் வருத்தம். வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் போவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருத்துவர் சொல்லாவிட்டாலும் திருக்குர்ஆன் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமானதைத் தேடி எடுத்து அல்லாஹ்வின் பாதையில் கொடுக்காதீர்கள் என்ற கருத்துப்பட அல்பகரா அத்தியாயத்தின் 267ஆவது வசனம் எச்சரிக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சோற்றை அந்நேரத்தில் ஊட்டுவார்களா? மறுநாள் காலை தோப்பில் குழி வெட்டி அதைப் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களில் முந்தின நாள் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.

தம்பியின் வலீமாவையும் இந்த வலீமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் சோறு குறைந்தது, மற்றதில் மிஞ்சியது. ஒன்றுக்கொன்று எதிரான குற்றங்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். ஆனால் குறைந்தபோது வெறும் சஹனைப் பார்த்தவர்கள் யார்? பந்தியின் கடைசியில் இருந்த பெண்களும் வேலைக்காரர்களும். மிஞ்சியபோது வாடைச் சோறு யாருக்கு நீட்டப்பட்டது? ஏழைப் பிள்ளைகளுக்கு. நம் கணக்கு எந்தப் பக்கம் தவறினாலும் அது போய் விழுகிற தலை ஒன்றேதான். முதல் பந்தியில் உட்கார்கிற நமக்குக் குறைவும் தெரிவதில்லை, மிச்சத்தின் வாடையும் தெரிவதில்லை. ஆகவே மிஞ்சினால் குனாஹ், குறைந்தால் பழி என்று பெரியவர் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்தாரே, அது இரண்டு தட்டு அன்று.

இந்தச் சிந்தனையோடு நாம் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தோம். 160 வீடுகளில், பள்ளிவாசலுக்குப் பின்புறம் பீடி சுற்றுகிற பெண்களும், சைக்கிளில் துணி விற்கிறவர்களும் குடியிருக்கும் தெருவில் ஒரு வீடுகூட இல்லை. கேட்டோம். "அவங்களுக்கு மிஞ்சினதை அனுப்புறதா ஏற்பாடு ஹஜ்ரத்" என்றார். கெட்ட மனிதரல்லர். ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்கிறவர். அந்தத் தெருவுக்குக் கடையில் கடன் கொடுப்பவரும் அவர்தான். ஆனாலும் செலவு கூடுகிறது என்றவுடன் முதலில் அழிக்கப்பட்டவை அந்தப் பெயர்கள்தாம். பணக்காரர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படுகிற வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருப்பதை நாம் எத்தனை மிம்பரில் ஓதியிருப்போம்! ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகள் ஒரு படி மேலே போகின்றன. வலீமா அழைப்பை ஏற்பது கடமை என்பதற்கு அவை வைக்கிற நிபந்தனைகளில் ஒன்று, அந்த அழைப்புப் பணக்காரர்களுக்கென்றே தனிப்படுத்தப்பட்டதாக இருக்கக்கூடாது என்பது. ஏழையை ஒதுக்கிய விருந்துக்குப் போகவேண்டிய கடமையே விழுந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது பெரியவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை அனுப்புவதற்கும் அழைப்பதற்கும் என்ன வேறுபாடு, சோறு ஒன்றுதானே என்று கேட்கலாம். மிச்சத்தை எதிர்பார்த்திருப்பவர், விருந்து நடக்கிற வீட்டில் சோறு மிஞ்ச வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியிருக்கிறது. அழைக்கப்பட்டவரோ மணமக்களுக்குப் பரக்கத் வேண்டி துஆச் செய்கிறார். மேலும், ஏழைக்குப் போகும் என்ற சமாதானம் இருக்கிறவரை எவ்வளவு கூடுதலாக ஆக்கினாலும் நமக்கு உறுத்துவதில்லை. நம் பெருமைக்காக ஆக்கிய 26 கிலோவுக்கு அந்தத் தெருவின் பெயரைச் சொல்லிக்கொள்கிறோம்.

பெருமை என்றதும் மச்சானின் 900 நினைவுக்கு வருகிறது. அவர் வீட்டுக் கல்யாணத்தில் 850 பேர் சாப்பிட்டார்களாம். ஒருவரையொருவர் மிஞ்சப் போட்டியிட்டுச் சமைக்கும் இருவருடைய உணவை உண்ண வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்படியானால் எவ்வளவு? நாயகம் (ஸல்) அவர்கள் தந்த வலீமாக்களில் ஒரே அளவு இல்லை. ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவுக்கு ஓர் ஆடு அறுத்து, ரொட்டியும் இறைச்சியும் வயிறார வழங்கினார்கள். அதைவிடப் பெரிய வலீமாவைத் தாம் கண்டதில்லை என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். மனைவியரில் ஒருவருக்கு இரண்டு 'முத்து' வாற்கோதுமையில் வலீமா முடிந்தது. ஸஃபிய்யா (ரலி) அவர்களுடைய வலீமா கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. தோல் விரிப்பை விரித்து, இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கலந்து உண்டார்கள், வலீமா ஆயிற்று. கையில் இருந்ததே அளவாக இருந்தது. வளையல் அடகுக்குப் போகவில்லை. கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுக்க விரித்துவிட்டுப் பின்னால் வருந்தி உட்காரவும் வேண்டாம் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் காட்டும் நடுவழி இதுதான்.

வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கு அழைத்தால் போங்கள், அது வேகும்வரை காத்துக்கிடக்காதீர்கள், உண்டதும் கலைந்துவிடுங்கள் என்ற பொருளுடைய அஹ்ஸாப் அத்தியாயத்து வசனம் ஸைனப் (ரலி) அவர்களுடைய வலீமாவின்போதுதான் இறங்கிற்று. விருந்தாளிகள் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்ததே காரணம். விருந்தாளிக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்க வஹீ வந்திருக்கிறது! ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனிச் சஹன் கேட்பதும், மறு சோறு வாங்கிப் பிசைந்து வைத்துவிட்டு எழுவதும் விருந்தாளியின் உரிமைகளில் சேர்ந்தவை அல்ல.

மீண்டும் பெரியவரிடம் வருவோம். அன்று மஃரிபுக்குப் பிறகும் உட்கார்ந்து பேசினோம். வியாபாரத்தில் முகஸ்துதிக்காகச் சேர்த்திருந்த வெளியூர்ப் பெயர்களில் 11 வீடுகளை அவரே அடித்தார். பின்தெருவில் 19 வீடுகளை எழுதினார். "ஹஜ்ரத், கொறைக்க வந்தேன், கூட்டி அனுப்புறீங்களே" என்று சிரித்தார். 168 வீடுகள். ஆனால் வீட்டுக்கு நாலு என்ற குத்துமதிப்பு வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டு எழுதுவது என்று முடிவாயிற்று. பெண்களுக்கான சோறும், வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் சோறும் முதல் சஹன் போவதற்கு முன்பே தனித் தேக்சாவில் எடுத்து மூடிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அதை அவர் மறக்கக்கூடாது என்பதற்காக நோட்டின் முதல் பக்கத்தில் நாமே எழுதிக் கொடுத்தோம்.

எதிர்பாராமல் ஆள் கூடினால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதற்கு வழி அவர் கடையிலேயே இருந்தது. பத்துக் கிலோ அரிசியையும் பருப்பையும் கட்டுப் பிரிக்காமல் அடுப்பருகே வைத்துக்கொள்வது. தேவைப்பட்டால் நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கப் பண்டாரிக்கு அதிக நேரம் ஆகாது. தேவைப்படாவிட்டால் மூட்டை மறுநாள் கடைக்குத் திரும்பிவிடும். வேகாத அரிசி கெட்டுப்போவதில்லை. வந்த விருந்தாளிக்காக இப்படிக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைப்பது விரயத்தில் சேராது.

வீட்டுக்கு வீடு போய் எத்தனை பேர் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று அவர் மனைவி அஞ்சுவதாகச் சொன்னார். முதல் நாள் நாமும் கூட வருகிறோம் என்றோம். அவ்வாறே மறுநாள் போனோம். முதல் சில வீடுகளில் சங்கடம் ஏதுமில்லை. ஒரு வீட்டில் நாலு என்றார்கள். இன்னொரு வீட்டில் ஐந்து என்று சொல்லிவிட்டு, அக்காள் மகன் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறான், அவனையும் அழைத்து வரலாமா என்று கேட்டார்கள். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்தெருவில் ஒரு வீட்டில், நாங்களுமா என்று கேட்டார்கள். அந்த இடத்தில் நமக்குப் பேச்சு வரவில்லை.

கடைசியாகப் போன வீட்டில் வயதான ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் வருவீர்கள் மாமா என்று கேட்டதும், "எண்ணிச் சோறு போடுற வீடாயிட்டுதோ உன் வீடு?" என்றார். பெரியவர் நம்மைப் பார்த்தார். நாம் திண்ணையில் உட்கார்ந்து அபூ ஷுஐப் (ரலி) அவர்கள் ஐவருக்கு உணவு தயாரித்த செய்தியைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே வந்தவர், நாயகம் (ஸல்) அவர்கள் ஆறாவது ஆளுக்காக வாசலில் அனுமதி கேட்ட இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, "நாம எத்தனை பேரு போறோம்?" என்று கேட்டார். ஏழு என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஏழு என்று எழுதிக்கொண்டோம். அன்று 12 வீடுகள் முடிந்தன. இன்னும் 156 வீடுகள் பாக்கி இருக்கின்றன.